தொலைக்காட்சி நிதி திரட்டல்: தொனி தவறும் இடங்கள்

நிதி திரட்டும் நேரலையில் யார் பாடுவது, எந்த நடிகரை அழைப்பது என்பதெல்லாம் பிறகு. துயரம் நடந்து எத்தனை நாள் ஆயிற்று, அரங்கில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் விருது விழாவின் அச்சை அப்படியே எடுத்து வைப்பதே பெரிய தவறு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பத்து நாள் கழித்து அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒன்றுசேர்ந்து ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் இல்லை, விளம்பரம் இல்லை, பாடியவரின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. சுற்றிலும் மெழுகுவத்திகள். அதே துயரத்துக்காக அக்டோபர் 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்ததோ ஆரவாரமான ராக் கச்சேரி. அதுவும் பொருந்தியது. ஏனென்றால் கூட்டத்தில் பலர், கூட வேலை செய்தவர்களைப் பறிகொடுத்த தீயணைப்பு வீரர்களும் போலீஸாரும்தான். ஆர்ப்பரிக்கும் உரிமை அவர்களுடையது.

இரக்கத்தைப் பிழிவது அடுத்த தவறு. பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி 1992இல் டெலிதான் என்ற நீண்ட நிதி திரட்டும் நேரலையை நடத்தியபோது மாற்றுத்திறனாளிகளே ஸ்டூடியோ வாசலில் திரண்டு எதிர்த்தார்கள். அதன்பின் அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. திரையில் பரிதாபத்துக்குரியவராகவே காட்டப்படுகிறவரை நாளை யார் வேலைக்கு எடுப்பார்? பிரிட்டனில் தொலைக்காட்சி நிகழ்ச்சி மூலம் நிதி திரட்டும் காமிக் ரிலீஃப் என்ற தொண்டு அமைப்பும், பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அங்குள்ள இயக்குநர்களிடமே பொறுப்பைக் கொடுப்பதாக 2020இல் அறிவித்தது. பாதிக்கப்பட்டவரையே பேச விடுங்கள். படம் எங்கே, எதற்காக வரும் என்று அவருடைய மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். எடிட்டிங் முடிந்ததும் அவரிடம் போட்டுக் காட்டுங்கள்; வேண்டாம் என்று அவர் சொல்லும் காட்சியை எடுத்துவிடுங்கள்.

மற்றவை நேரலையின்போது நடக்கும் பிசகுகள். ஒரு குழந்தையின் மரணத்தைச் சொல்லும் குறும்படம் முடிந்ததும் பழக்கத்தில் கைதட்டல் எழும். தட்ட வேண்டாம் என்று அரங்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தொகுப்பாளரும் நாலைந்து விநாடி பேசாமல் இருக்கட்டும்; பிறகு நன்கொடைக்கான எண்ணை நிதானமாக இருமுறை சொல்லட்டும். உடனே நகைச்சுவைக்குத் தாவாமல் இடையில் ஒரு பாடல் வையுங்கள். பாடல் முடியும்வரை எண் திரையிலேயே இருக்கட்டும், போனை எடுத்துவந்து பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும். தொகை அறிவிப்பை மேளதாளத்தோடு அந்தப் படத்தை ஒட்டி வைக்காதீர்கள். தருவதாகச் சொன்ன தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டினால், வராத பணத்துக்குப் பின்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பலகையில் தனித்தனி வரியாகவே போடுங்கள்.