"200 ஆண்டுகளாக யாரையும் தாக்கவில்லை": ஈரானின் தாக்குதல் பட்டியலை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

"கடந்த 200 ஆண்டுகளில் ஈரான் எந்த நாட்டையும் தாக்கியதில்லை." மேற்காசியாவில் குண்டு விழும்போதெல்லாம் இந்த வரி தவறாமல் சுற்றுக்கு வரும். சில நேரம் 250, சில நேரம் 300, எண்தான் மாறும். "அக்கம்பக்கத்தாரை அடிப்பதே ஈரானின் பிழைப்பு" என்பது எதிர்த்தரப்பின் வரி. இரண்டையும் சொல்பவர்கள் கையில் பெரும்பாலும் பட்டியல் இருப்பதில்லை. பட்டியல் போடுவது கடினமான வேலையல்ல, ஆனால் வரிசை மாறினால் கெட்டுவிடும்: முதலில் விதி, பிறகுதான் சம்பவங்கள். சம்பவங்களைச் சேர்த்துவிட்டு விதி எழுத உட்கார்ந்தால், பிடித்த முடிவுக்கு ஏற்ற விதிதான் வந்து அமரும்.

சொல்லை முடிவு செய்யுங்கள்

போர் தொடுத்தல், படையெடுப்பு, தாக்குதல் ஆகிய மூன்றும் மூன்று வேறு செயல்கள். வாதங்களில் நடக்கும் ஏமாற்று வேலையில் பாதி, பேச்சின் நடுவே இவற்றை மாற்றிப் போடுவதுதான். "போர் தொடுக்கவில்லை" என்பதற்கு ஆதாரம் காட்டிவிட்டு "தாக்கவில்லை" என்று முடிப்பார்கள். உங்கள் தாளின் உச்சியில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "ஒரு நாட்டின் சொந்தப் படை, இன்னொரு நாட்டின் நிலம், கடல், வான் எல்லைக்குள் அல்லது அதன் படை, கப்பல், விமானம் மீது ஆயுதம் பிரயோகித்தால் அது தாக்குதல்." ஐ.நா. பொதுச்சபை 1974 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றிய 3314ஆம் தீர்மானம் ஆக்கிரமிப்புக்குத் தரும் வரையறை நல்ல துணை. குண்டுவீச்சு, துறைமுக முற்றுகை, ஆயுதக் குழுக்களை அனுப்புதல் எல்லாம் அதில் தனித்தனி உட்பிரிவுகளாக இருக்கின்றன.

தாக்குதல் என்று பதிவதால் அது சட்டவிரோதம் என்று ஆகிவிடாது. தற்காப்பா, பதிலடியா, அத்துமீறலா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும்.

ஏழு கட்டங்கள்

தேதி, விழுந்த இடம், குறிவைக்கப்பட்டவர், தாக்கிய படை, அந்த மண்ணின் அரசு சம்மதித்ததா, முந்தைய சம்பவம், பொறுப்பேற்பு. இந்த ஏழும் போதும். "விழுந்த இடம்", "குறிவைக்கப்பட்டவர்" இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். 2025 ஜூன் 23 அன்று ஈரான் ஏவிய ஏவுகணைகள் கத்தாரின் அல் உதெய்த் தளத்தை நோக்கிச் சென்றன. குறி அமெரிக்கப் படை, மண் கத்தாருடையது. "அமெரிக்காவைத்தான் அடித்தோம்" என்று ஈரானும், "எங்கள் இறையாண்மை மீறப்பட்டது" என்று கத்தாரும் சொன்னது ஒரே சம்பவத்தைப் பற்றி. இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டும் பதிவாகும். முந்தைய சம்பவக் கட்டத்தில், ஜூன் 22 அன்று ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி மையங்கள் மீது அமெரிக்கா குண்டு வீசியது வர வேண்டும். அதற்கும் முந்தைய கண்ணி ஜூன் 13 அன்று இஸ்ரேல் தொடங்கிய தாக்குதல்.

தொடக்க ஆண்டைச் சோதியுங்கள்

200 என்றால் 1825க்குப் பக்கம். 1826 ஜூலையில் ஈரானியப் படை ரஷ்யாவின் பிடியில் இருந்த கராபாக் பகுதிக்குள் நுழைந்தது. 1828இல் துர்க்மன்சாய் உடன்படிக்கையில் எரெவான், நக்சிவான் பகுதிகளை இழந்ததோடு அந்தப் போர் முடிந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத் நகரை ஈரான் 1837 முதல் 1838 வரை முற்றுகையிட்டது. 1856இல் கைப்பற்றியும் விட்டது. அதனால் பிரிட்டன் போர் அறிவிக்க, 1857 பாரிஸ் உடன்படிக்கையில் ஈரான் ஹெராத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆக, '200' தன் தொடக்கக் காலத்திலேயே அடிபடுகிறது. '250' இன்னும் மோசம்: 1775இல் தொடங்கிய பஸ்ரா (இன்றைய ஈராக்) முற்றுகை உள்ளே வந்துவிடும், அதன்பின் 1795இல் திபிலீசி (இன்றைய ஜார்ஜியா) மீதான படையெடுப்பு. '300' என்பவர்கள் 1739இல் நாதிர்ஷா டெல்லிக்கு வந்ததை எப்படி மறந்தார்கள் என்பது புரியவில்லை. நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும் செய்தி அது.

1857க்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாகப் பெரிய படையெடுப்பு எதுவும் ஈரான் தரப்பிலிருந்து இல்லை. அந்த வரிக்கு உயிர் இங்கிருந்துதான் வருகிறது. அதே காலத்தில் ஈரான் தாக்கப்பட்டது. 1941 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்தே உள்ளே புகுந்தன.

சிக்கலான பதிவுகள்

1971 நவம்பர் 30: ஈரானியப் படை வளைகுடாவின் பெரிய துன்ப், சிறிய துன்ப், அபு மூசா தீவுகளில் இறங்கியது. மூன்றையும் ஒரே வரியில் எழுதுவது வழக்கமான பிழை. அபு மூசாவில் ஷார்ஜா அமீரகத்துடன் ஏற்கெனவே புரிந்துணர்வு இருந்தது. துன்ப் தீவுகள் அப்போது ராஸ் அல் கைமா அமீரகத்தின் கையில் இருந்தன, அங்கே சம்மதம் இல்லை, துப்பாக்கிச் சூடும் நடந்தது. இன்னொரு முடிச்சு: ஐக்கிய அரபு அமீரகம் உருவானது டிசம்பர் 2 அன்று. ராஸ் அல் கைமா அதில் சேர்ந்ததோ 1972 பிப்ரவரியில். "அப்போது அது நாடே இல்லை" என்ற வாதம் வரும் என்பதால் நிலத்தின் அன்றைய தகுதியையும் குறித்து வையுங்கள்.

அடுத்து ஓமானின் தோஃபார். 1970களில் ஈரான் மன்னர் ஷாவின் படைகள் அங்கே கிளர்ச்சியாளர்களோடு போரிட்டன, ஆனால் சுல்தான் காபூஸ் அழைத்ததன் பேரில். சம்மதக் கட்டத்தில் "ஆம்" என்று எழுதினால் இது தாக்குதல் பட்டியலிலிருந்து வெளிநாட்டுப் படைப் பணி என்ற தனிப் பட்டியலுக்குப் போய்விடும். 2017 ஜூன் 18 அன்று சிரியாவின் தெய்ர் எஸ்ஸோரில் ஐ.எஸ். மீது ஏவிய ஏவுகணைகளும் அப்படித்தான்; அன்றைய டமாஸ்கஸ் அரசு ஈரானின் கூட்டாளி.

ஈராக் போரை ஒரே பதிவாக எழுதக் கூடாது. 1980 செப்டம்பர் 22 அன்று தாக்கியது ஈராக். 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் அளித்த அறிக்கையும், அந்தத் தாக்குதலை நியாயப்படுத்த முடியாது என்றே சொல்கிறது. 1982 மே மாதம் கொர்ரம்ஷகரை மீட்கும்வரை ஈரான் செய்தது சொந்த மண்ணை மீட்கும் போர். ஜூலையில் எல்லை தாண்டி பஸ்ராவை நோக்கி நகர்ந்தபோது கதை மாறியது. 1986இல் ஈராக்கின் ஃபாவ் தீபகற்பத்தைப் பிடித்தார்கள். இந்த இரண்டாம் பகுதியைத் தற்காப்பின் தொடர்ச்சி என்பதா, படையெடுப்பு என்பதா? தனி வரிசை கொடுங்கள், முந்தைய சம்பவத்தைக் குறியுங்கள். தீர்ப்பை வாசிப்பவரிடம் விடலாம்.

யார் செய்தார்கள் என்பதில் வழுக்குவது

பொறுப்பேற்புக் கட்டத்தில் நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம்: ஒப்புக்கொண்டது, மறுத்தது, மௌனம், நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. கடைசிச் சொல்லுக்கு நல்ல எடுத்துக்காட்டு 1987 அக்டோபர் 16 அன்று குவைத் கடலில், அமெரிக்கக் கொடி பறந்த சீ ஐல் சிட்டி என்ற கப்பல் மீது விழுந்த ஏவுகணை. ஈரானுடையது என்று எல்லோரும் எழுதினார்கள். அமெரிக்கா அதற்குப் பதிலடியாக ஈரானின் எண்ணெய் மேடைகளைத் தாக்கியது. வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ஏவியது ஈரான் என்பதை அமெரிக்கா போதிய ஆதாரத்தோடு நிறுவவில்லை என்று 2003 நவம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. பழைய நாளிதழை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் இது தப்பிவிடும்.

2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை எரிந்ததற்கு ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் பொறுப்பேற்றார்கள், சவூதியும் அமெரிக்காவும் ஈரானைக் கைகாட்டின, ஈரான் மறுத்தது. இதை முதன்மைப் பட்டியலில் வைக்காமல் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள். லெபனானின் ஹிஸ்புல்லா, ஹவுதி போன்று ஈரான் ஆதரிக்கும் குழுக்களின் தாக்குதல்களுக்கும் அங்கேதான் இடம். ஆயுதம் கொடுப்பது மட்டுமே "ஆயுதத் தாக்குதல்" ஆகாது என்று 1986இல் நிகரகுவா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக அந்தக் குழுக்களை விட்டுவிட்டால் பட்டியல் பாதிக் கதைதான்.

தேதியும் எண்ணும்

ஈரானிய ஆவணங்களில் சூரிய ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். மார்ச் 21ஐ ஒட்டி வரும் ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸ் முதல் டிசம்பர் இறுதி வரை 621 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து அடுத்த நவ்ரூஸ் வரை 622. அதனால் 1359 ஷஹ்ரிவர் 31 என்பது 1980 செப்டம்பர் 22. 1398 தேய் 18 என்பது 2020 ஜனவரி 8. இந்த ஒரு எண் தவறினால் ஒரே சம்பவம் இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை பதிவாகும். இரவுத் தாக்குதல்களிலும் இதே தொல்லை: 2020இல் அமெரிக்கப் படை இருந்த ஐன் அல் அசாத் தளத்தில் ஈரானின் ஏவுகணை விழுந்தது ஈராக்கில் ஜனவரி 8 அதிகாலை, வாஷிங்டனில் ஜனவரி 7 மாலை. எப்போதும் விழுந்த இடத்தின் நேரத்தையே எழுதுங்கள்.

முதல் நாள் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அந்தத் தாக்குதலில் யாருக்கும் காயமில்லை என்றுதான் அமெரிக்கா முதலில் சொன்னது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு மூளை அதிர்வுக் காயம் என்றது. ஏவியவை, வந்து சேர்ந்தவை, விழுந்தவை என்பவையும் மூன்று தனி எண்கள். 2024 ஏப்ரல் 13, 14 இரவில் இஸ்ரேல் மீது ஏவப்பட்டவை 300க்கும் மேல் என்பது இஸ்ரேல் தரும் கணக்கு. யாருடைய கணக்கு என்று பக்கத்திலேயே எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

2024 ஜனவரி ஒரு நல்ல பயிற்சி. 15 அன்று ஈராக்கின் எர்பில், சிரியாவின் இத்லிப் மீது ஈரானின் தாக்குதல். 16 அன்று பாகிஸ்தானின் பலூசிஸ்தான். 18 அன்று ஈரான் மண்ணில் பாகிஸ்தானின் பதிலடி. நான்கு நாட்களில் நான்கு நாடுகளின் மண். ஈரான் தன் தாக்குதல்களை ஒப்புக்கொண்டது, பாகிஸ்தானும் தன்னுடையதை ஒப்புக்கொண்டது. ஏழு கட்டங்களையும் இந்தச் சம்பவங்களுக்கு நிரப்பிப் பாருங்கள். விதியில் ஓட்டை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

பட்டியல் முடிந்ததும் அதே விதியை இஸ்ரேல், துருக்கி, சவூதி ஆகியவற்றுக்கும் போடுங்கள். பிறகு நாட்டின் பெயர்களை மட்டும் மறைத்து, உங்களோடு இந்த விஷயத்தில் ஒத்துப்போகாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, எது தாக்குதல், எது பதிலடி, எது அழைப்பின் பேரில் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அவர் பிரித்ததும் உங்களுடையதும் எந்த வரியில் வேறுபடுகிறதோ, அந்த வரிக்கு விதியைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள்.