செல்ஃப் எடுக்காத பழைய லாரியும் வீணாக மாற்றப்படும் பேட்டரியும்

காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய லாரி, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. கிளீனர் இறங்கிப் போய் பேட்டரி டெர்மினலை ஸ்பேனரால் நாலு தட்டு தட்டுகிறார். வண்டி எடுத்துக்கொள்கிறது. அன்று மாலையே புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் 'டக்'.

தட்டியதும் வண்டி எடுத்தது என்றால் பழுது பேட்டரிக்குள் இல்லை, தட்டிய இடத்தில் இருக்கிறது. கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், அதற்கடியில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கலாம். பழுது தானாகவே துப்புக் கொடுத்தும் அதை யாரும் கவனிக்கவில்லை. விட்டுவிட்டு வரும் மின்கோளாறில் மிகப் பெரிய தவறு இதுதான்: கோளாறு கண்ணெதிரே இருக்கும்போது எதையாவது தட்டி, தள்ளி, வண்டியை நகர்த்திவிடுகிறோம், அது மறைந்த பிறகு பாகங்களை மாற்றத் தொடங்குகிறோம்.

வண்டி மறுத்த அந்த நிமிடம்தான் பொன்னான நேரம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கி, 'டக் டக் டக்' என்று படபடத்தால் மின்னழுத்தம் போதவில்லை. பேட்டரியையோ தடித்த கேபிள்களின் முனைகளையோ பார்க்க வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிய, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகம் சாலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) உள்ளே தேய்ந்த செம்புத் தொடுமுனை மீதோ, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் மீதோ போக வேண்டும். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, இல்லாவிட்டால் சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். இவற்றோடு, எஞ்சின் சூடாக இருந்ததா, மழையா, வாட்டர் சர்வீஸ் முடித்து வந்த நாளா என்பதையும் டிரிப் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். நான்கு முறை எழுதினால் ஒழுங்கு தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியனிடம் "சில நேரம் எடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகித்துத்தான் கை வைப்பார்.

அடுத்த தவறு, மீட்டரை நம்பி ஏமாறுவது. எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது என்று முடித்துவிடுகிறார்கள். சும்மா இருக்கும் பேட்டரியும் சுமை தாங்கும் பேட்டரியும் வேறு வேறு. செல்ஃப் சுழலும்போது 12 வோல்ட் பேட்டரி சுமார் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒயருக்கும் இதே கதைதான். இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. அதே ஒயரில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். ஒயர் சுமை தாங்காவிட்டால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வண்டி ஒயரிங்கில் மீட்டரைவிட இந்தப் பல்பை நான் அதிகம் நம்புகிறேன்.

எர்த் விஷயத்தை, அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும் பாதையை, யாரும் மதிப்பதில்லை. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அதற்கு முன் சேஸிஸ் (அடிச்சட்டம்) முழுக்கப் பெயின்ட் அடிப்பது வழக்கம். நான் பார்த்த ஒரு லாரி, எஃப்.சி. முடித்து வந்த வாரத்திலிருந்து தகராறு செய்தது. பேட்டரி மாற்றினார்கள், செல்ஃபைப் பிரித்துக் கட்டினார்கள். கடைசியில், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் அழகான கறுப்புப் பெயின்ட்! போல்ட்டின் மரை வழியாக மட்டுமே மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பளபளக்கும் இரும்பில் பட்டையை முடுக்கிய பிறகு வண்டி சொன்னபடி கேட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று, இரண்டு என்று ஏறினால் எர்த் கெட்டிருக்கிறது. செல்ஃப் பல நூறு ஆம்பியர் இழுக்கும். ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 400 ஆம்பியரில் 4 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். செல்ஃப் அடித்த பின் கிளட்ச் கேபிளோ ஆக்ஸிலேட்டர் கேபிளோ சுடுகிறதா? எர்த் வழி கிடைக்காத மின்சாரம் அதில் ஏறிப் போகிறது.

நம் லாரிகளில் இன்னொரு வழக்கம். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். பாட்டுப் பெட்டிக்கும் சிறு விசிறிக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி மட்டும் காலியாகிறது. சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது; மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். ஒன்று 13-இல் பட்டினி கிடக்க, மற்றது 15-இல் கொதிக்கும். ஒரு பேட்டரியில் மட்டும் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் குறைகிறதா, மற்றதிலிருந்து இப்படி ஒயர் இழுத்திருக்கிறதா என்று தேடுங்கள். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குவது இரண்டு பேட்டரிகளைப் பலிகொடுப்பதைவிட மலிவு. கெட்டதை மட்டும் மாற்றுவதும் வேண்டாம். பழையதோடு ஜோடி சேர்ந்த புதியது அதன் வேகத்திலேயே கிழடாகும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றுவது டைனமோ காலத்துப் பழக்கம். இன்று அப்படிச் செய்தால் மின்னழுத்தம் ஒரு நொடியில் எகிறி டையோடுகளைப் பொசுக்கிவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் டப்பா ஈயத்தாள் சுற்றுவதும் ஒயரைக் கொளுத்தும் வேலை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் எஞ்சினுக்குப் பற்றிக்கொள்ள மின்சாரம் தேவையில்லை. டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் சாலினாய்டு இருந்தால் அது திறந்தால் போதும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் இப்படிச் செய்தால், டீசல் லைனில் காற்று ஏறியிருக்கலாம். கை பம்ப்பை அழுத்திப் பாருங்கள்; ஃபில்டர் தலையின் காற்றுத் திருகிலிருந்து நுரை நுரையாக டீசல் வந்தால், டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள வாஷர்களையும் ரப்பர் குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.