வேலூர் மிஷன் அலுவலகத்துக்கு ஊழியம் செய்ய வரும் மூத்த தம்பதியருக்கு

மலேசியா, கனடா, இலங்கை என்று பல இடங்களிலிருந்து, வேலையில் ஓய்வு பெற்றபின் ஓராண்டு ஈராண்டு ஊழியம் செய்யலாம் என்று கணவனும் மனைவியுமாக வேலூர் வருகிறீர்கள். தமிழ் பேசுகிற ஊர்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் வருவீர்கள். கடைத்தெருவில் சமாளித்துவிடலாம். அலுவலகத்து அன்றாடம் வேறு மாதிரி. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் முதல் மூன்று மாதச் சோர்வு பாதியாகக் குறையும்.

முதலில் காகிதங்கள். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருப்பதால் வேறு எதுவும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்க, ஊர் சுற்ற அது போதும். மிஷனரிப் பணிக்குப் போதாது. 2021 மார்ச்சில் வந்த அரசு அறிவிக்கைப்படி அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். விசாவில் வருகிறவர்கள் மிஷனரி விசாவிலேயே வர வேண்டும். சுற்றுலா விசாவோடு வந்து அலுவலக மேஜையில் உட்காருவது உங்களுக்கும் ஆபத்து, உங்களை அழைத்தவர்களுக்கும் ஆபத்து. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவை இணையத்தில் முடிக்க வேண்டும். நீங்கள் தங்கும் இடத்தின் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தைப் பதிய வேண்டும் என்பதும் சட்டம். அவர் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். பாஸ்போர்ட், விசாப் பக்கம், போட்டோ ஆகியவற்றில் பத்துப் பத்து நகல் கையில் இருக்கட்டும். சிம் கார்டு வாங்குவதற்கே அவை வேண்டியிருக்கும்.

அலுவலக நாள் பெரும்பாலும் ஜெபத்தோடு தொடங்கும். ஒரு கீர்த்தனை, ஒரு வேத பாகம், ஐயர், அதாவது சபைப் போதகர், இருந்தால் அவர் ஜெபம், இல்லையென்றால் யாராவது ஒருவர். முதல் வாரமே உங்களைக் கேட்பார்கள், தயாராக இருங்கள். பிறகு தபால் வரும். வந்த கடிதத்துக்கு ஒரு ரிஜிஸ்டர், போகிற கடிதத்துக்கு ஒரு ரிஜிஸ்டர், வவுச்சர் கோப்பு, ரசீது புத்தகம். கம்ப்யூட்டர் இருந்தாலும் இந்தக் கனத்த ரிஜிஸ்டர்கள் இருக்கத்தான் செய்யும். உங்கள் ஊரில் வேறு முறை பழகியிருப்பீர்கள். முதல் மூன்று மாதம் எதையும் மாற்றச் சொல்லாமல் அவர்கள் எழுதுகிறபடியே எழுதுங்கள். இருபது, முப்பது வருஷமாக அந்த மேஜையில் இருக்கிற கிளார்க்குக்கு ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு காரணம் தெரிந்திருக்கும்.

பண விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். ஒரு நாள் உருக்கமாக ஏதோ கேட்டுவிட்டு, மேஜை மேல் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து "காணிக்கையா எழுதிக்கோங்க தம்பி" என்பீர்கள். கேஷியர் நோட்டைத் தொடாமல் உங்களையே பார்ப்பார். அவர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொடுப்பவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால், ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ வைத்திருப்பவருக்கும் இதே கணக்கு. 2020இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும், அதுவும் அனுமதி பெற்ற அமைப்பாக இருந்தால் மட்டும். ஆகவே கொடுக்க மனமிருந்தால் முதலில் கணக்கரைக் கேளுங்கள். ஊரிலிருக்கிற பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

இனி, உதவி தேடி வருகிறவர்கள் வந்து உட்காரும் முன்னறை. மிஷன் அலுவலகத்து வேலையில் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கும் என்பது என் எண்ணம். மூத்தவர்களான உங்களால் அங்கே செய்யக்கூடியதை இளையவர்களால் செய்ய முடியாது. ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்றால் ஆஸ்பத்திரிதான் காரணம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜான் ஸ்கடர் பிறகு சென்னைக்கு வந்தார். அவர் பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியம்தான் இன்றைய சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் நடந்து பாருங்கள், லாட்ஜ் பலகையிலும் ஓட்டல் பலகையிலும் வங்காள எழுத்து தெரியும்.

அவர்களில் சிலர் உங்கள் வாசலுக்கும் வருவார்கள். கக்கத்தில் பெரிய எக்ஸ்ரே கவர், கையில் மடங்கி மடங்கிக் கிழிந்த சீட்டு, இரண்டு நாள் ரயில் பயணத்தின் களைப்பு. லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகவில்லை, சர்ச்சில் இடம் கிடைக்குமா என்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஒரு நோட்டில் பெயர், ஆஸ்பத்திரி நம்பர், எந்த வார்டு, கூட யார் இருக்கிறார்கள், போன் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிறபோதே அவர்களுக்குப் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பணம் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த முடிவு செயலாளருடையது. "பைட்டியே" (உட்காருங்கள்), "பானி" (தண்ணீர்), "கித்னே தின்" (எத்தனை நாள்) என்கிற அளவுக்காவது இந்தி பழகிக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர் தெலுங்கோ உருதுவோ பேசினாலும் ஆச்சரியப்படாதீர்கள், சித்தூர் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் ஆஸ்பத்திரி ஃபைலை ஐயாவிடம் நீட்டுவார்கள், துக்கத்தை அம்மாவிடம் சொல்வார்கள். எனவே அம்மாவை வெறுமனே துணைக்கு வந்தவராக ஓரத்தில் உட்கார வைத்துவிட வேண்டாம். வந்த அன்றே அவருக்கென்று தனி மேஜை, தனிப் பொறுப்பு கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்திருப்பது நாற்பது வருஷத் தாம்பத்தியத்துக்கும் கடினம். வேறு வேறு மேஜையில் இருந்தால் சாயங்காலம் பேசிக்கொள்ள விஷயம் இருக்கும்.

வெயிலைப் பற்றி யாரும் மிகைப்படுத்தவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும். முடிந்தால் ஜூலைக்குப் பிறகு வந்து சேருங்கள். கோடையில் வெளி வேலைகளைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட்டு, மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் படுத்தே ஆக வேண்டும். இதற்குக் கூச்சப்படாதீர்கள், அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடைப்பயிற்சிக்குக் கோட்டைக்குப் போகலாம், அகழியோரம் விடியற்காலையில் காற்று நன்றாக இருக்கும். உள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோவிலும், மசூதியும், 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் ஆலயமும் இருக்கின்றன.

குடிக்க கேன் தண்ணீர். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது, முந்தின நாளே பேப்பரில் போடுவார்கள். காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட். அங்கே முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், காம்பு முள்ளாகக் குத்தும், ஆனால் எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் கரையும். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை 1, 2 எண் டவுன் பஸ்கள் போகின்றன. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனாலும் கண்டக்டர் தரும் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே சிஎம்சியில் பதிந்து, இருவருக்கும் ஆஸ்பத்திரி நம்பர் வாங்கிவிடுங்கள். நெஞ்சு வலிக்கிற ராத்திரியில் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை பிராண்டுப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில் எழுதிக் கொண்டுவாருங்கள். அங்குள்ள பிராண்டு இங்கே கிடைக்காது, மருந்து கிடைக்கும். அவசரத்துக்கு 108.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வீட்டுக்கு அழைப்பார்கள். முதல் மாதம் எல்லா அழைப்புக்கும் போங்கள். "இன்னாம்மா, நல்லாகீறீங்களா" என்று உரிமையோடு விசாரிக்கிறவர்தான் பிறகு கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும் காய்ச்சல் வந்தாலும் ஓடி வருவார். அலுவலகத்தின் அதிகாரபூர்வ உதவியைவிட அவர் சீக்கிரம் வந்துவிடுவார்.

வந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்த அறைச் சாவி எங்கே, எந்தப் படிவம் எந்த மாதம் அனுப்ப வேண்டும், எந்தக் குடும்பம் திரும்பவும் வைத்தியத்துக்கு வரப்போகிறது, யாரிடம் எதற்குப் போக வேண்டும். நீங்கள் கிளம்புகிறபோது, அடுத்து வருகிற தம்பதிக்கு அதைக் கையில் கொடுத்து, முடிந்தால் ஒரு வாரமாவது அவர்களோடு அதே மேஜையில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.