முதல் டாஃபடில், முதல் போட்டி

பிரிட்டனில் மார்ச், ஏப்ரல் வாக்கில் பல ஊர்த் தோட்டச் சங்கங்கள் கிழங்கிலிருந்து முளைக்கும் டாஃபடில் பூக்களுக்குப் போட்டி வைக்கின்றன. டாஃபடிலுக்கென்றே ஒரு சங்கம் 1898 முதல் இயங்கி வருகிறது. அடுத்த வசந்தத்தில் நீங்களும் கலந்துகொள்ள வேண்டுமானால் செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கிழங்கு. கலப்பு மூட்டை மலிவாகக் கிடைக்கும், ஆனால் வேண்டாம். போட்டியில் ரகத்தின் பெயரை எழுதி வைக்க வேண்டும். 'டச்சு மாஸ்டர்' மாதிரி பெயர் தெரிந்த ரகத்தில் ஐந்தாறு போதும். அடிப்பக்கம் மெத்தென்று அமுங்கினால் அழுகல், ஒதுக்கிவிடுங்கள். சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷம்.

வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடத்தில், கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே பார்க்க நடுங்கள். மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

பூ விரிந்ததும் காற்றும் மழையும் இதழைக் கெடுப்பதற்குள், போட்டிக்கு ஓரிரு நாள் முன்பே நீளமான தண்டோடு பறித்து, தண்ணீரில் நிறுத்திக் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை நல்லது.

இனி பெயர்ச்சீட்டு. டாஃபடிலை 13 பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். 'டச்சு மாஸ்ட'ரின் குறியீடு '1 ஒய்-ஒய்'. நடுவிலுள்ள குழல் இதழ் அளவுக்கோ அதைவிட நீளமாகவோ இருந்தால் அது முதல் பிரிவு. முதல் 'ஒய்' இதழின் மஞ்சள், அடுத்தது குழலின் மஞ்சள். குழல் இதழில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, ஆனால் இதழைவிடக் குட்டையாக இருந்தால் இரண்டாம் பிரிவு. பிரிவு மாறினால் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஸ்கேல் வைத்தே அளந்துவிடுங்கள்.

அப்புறம் அலங்காரம். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். மெல்லிய பிரஷ்ஷால் தூசியையும் மகரந்தத்தையும் தட்டிவிட்டு, மடங்கிய இதழை விரலால் மெதுவாக நீவுங்கள். ஆறு இதழில் ஒன்று நேர் மேலே பார்க்க வேண்டும், பூ நடுவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தண்டு ஆடாமலிருக்க குவளையின் வாயில் பாசியைச் செருகலாம். மூன்று பூ வைக்கும் போட்டியென்றால் மூன்றும் ஒரே அளவில் இருக்கட்டும். பெரிதாக ஒன்றும் சிறிதாக இரண்டும் எடுபடாது.

தோட்டத்தில் வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டு, இலையை ஆறு வாரமாவது தொடாதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவு அந்த இலை வழியாகத்தான் கிழங்குக்குப் போகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சிலர் முடிச்சுப் போட்டு வைப்பார்கள், அதுவும் கூடாது.