ராஜபாளையம் குட்டி வாங்கும் முன் காதைச் சோதியுங்கள்

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பால் வெள்ளை உடம்பையும் ரோஜா நிற மூக்கையும் பார்த்ததும் மனசு கரைந்து அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு, அதை விற்பவரே கவனிக்காமல் இருக்கலாம்.

நிறம் கொடுக்கும் செல்கள் தோலில் மட்டுமல்ல, உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை உணரும் செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக வெள்ளையையே தேடித் தேடி இணை சேர்த்ததற்கு நாய் கொடுக்கும் விலை இது. நீலக் கண் உள்ள குட்டி என்றால் இன்னும் கவனமாக இருங்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? குட்டிக்கு ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். கூடப் பிறந்த குட்டிகளோடு சேர்த்து வைத்துக் கைதட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் மற்றவை திரும்பினால் காது கேட்காததும் அவற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். அதனால் தனியாக ஓர் அறைக்குக் கொண்டுபோங்கள். அது வேறு எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று, உங்கள் கை அதன் கண்ணில் படாமல், சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், விசில் அடியுங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், அந்த அதிர்வே அதைத் திருப்பிவிடும். தூங்கும்போதும் ஒருமுறை செய்து பாருங்கள். இவ்வளவு செய்தாலும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் அலைகளை அளக்கும் 'பேர்' (BAER) பரிசோதனை வேண்டும். இந்திய கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள், அது வம்சத்துக்கான பதிவுதான், காதுக்கானது இல்லை.

அப்புறம் தோற்றம். வளர்ந்த நாய் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, குட்டையான மெல்லிய முடி, மடிந்து தொங்கும் காது, நீண்ட ஒல்லியான வால். சிப்பிப்பாறையும் இதே விருதுநகர் மாவட்டத்து நாய்தான், ஆனால் அது முயல் விரட்டும் ஒடிசலான ஓட்டக்கார நாய், இதற்கு எலும்பு கனம் அதிகம். ராஜபாளையத்தில் பழுப்பு, கறுப்பு நிறங்களும் உண்டு, அவற்றை 'அசல் இல்லை' என்று ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்குப் பாளையக்காரர் நாய் என்றும் பெயர் உண்டு, ஆங்கிலத்தில் 'பாலிகர் ஹவுண்ட்' என்பார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த இனம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. குணமும் அந்த வேலைக்கு ஏற்றதுதான்: வீட்டில் ஒருவரிடம் உயிரையே வைக்கும், அந்நியர்களைக் கிட்டே சேர்க்காது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் மூர்க்கமாகிவிடும். ஓட இடம் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வேறு நாய் பார்ப்பது நல்லது. மற்றவர்கள், குட்டி வந்த முதல் சில மாதங்களிலேயே விருந்தாளிகள், குழந்தைகள், தெருச் சத்தம் எல்லாவற்றுக்கும் பழக்குங்கள், தடுப்பூசி அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. முடி குறைவான வெள்ளைத் தோலும் மூக்கும் வெயிலில் வெந்துபோகும், மதியம் நிழல் வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிய குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தால் விரட்டிவிடாதீர்கள். கைச் சைகையில் உட்காரவும் நிற்கவும் வரவும் அழகாகக் கற்றுக்கொள்ளும். வண்டிச் சத்தம் கேட்காது என்பதால் வெளியே எப்போதும் வாரில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பயந்து கடிக்கலாம், பக்கத்தில் தரையைத் தட்டி எழுப்புங்கள். இணை சேர்க்க மட்டும் விடவே கூடாது.