பொன்னாங்காணியா, அலிகேட்டர் களையா? பூக்காம்பைப் பாருங்கள்

ஓடைக்கரையிலோ கானோரத்திலோ பொன்னாங்காணி பறிக்கிறவர்களும், பாத்தியில் நடத் தண்டு கேட்டு வாங்குகிறவர்களும் முதலில் பூவைத் தேட வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலிகேட்டர் களைக்கும் நம் கீரைக்கும் ஒரே பேரினம். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இலை, படரும் தண்டு, வெள்ளைப் பூ எல்லாம் ஒன்றுதான். அவுஸ்திரேலியாவில் 1990களில், இலங்கையர் பலர் 'முக்குணுவென்ன' (பொன்னாங்காணியின் சிங்களப் பெயர்) என்று நம்பி வீட்டுத் தோட்டங்களில் வளர்த்தது இந்தக் களைதான் என்று தெரியவந்தது. இந்தக் கீரையைத் தின்றே வளர்ந்தவர்களுக்கும் இலை அடையாளம் காட்டவில்லை.

பொன்னாங்காணிப் பூவுக்குக் காம்பு கிடையாது. இலைக் கக்கத்திலேயே அரை சென்ரிமீற்றர் அளவில் சின்னக் கொத்தாக ஒட்டியிருக்கும். களையிலோ அந்தக் கக்கத்திலிருந்து தனிக்காம்பு எழும்பும், பெரும்பாலும் 2 சென்ரிமீற்றருக்கு மேல். அதன் நுனியில் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத வெள்ளை உருண்டை நிற்கும். இதுவே உறுதியான அடையாளம்.

காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கிப் பார்ப்பதும் உதவும். பொன்னாங்காணியில் தட்டையான, இதய வடிவச் சிறு காய்கள் உதிரும். களை, தன் தாயகத்துக்கு வெளியே அநேகமாக விதை கட்டுவதில்லை.

தண்டு உள்ளே குழலாக இருந்தால் களை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அதில் இரண்டு பக்கமும் பிழை வரும். தண்ணீரில் மிதக்கும் முற்றிய களைத்தண்டு குழல்தான், ஆனால் மேட்டில் வளரும் இளந்தண்டில் அது தெளிவாகத் தெரியாது. ஈரத்தில் கொழுத்த பொன்னாங்காணியும் சிலவேளை உள்ளே வெறுமையாக இருக்கும். இலையின் அளவும் அப்படியே, நிழலும் நீரும் அதை மாற்றிவிடும்.

பூ இல்லையென்றால் இரண்டு தண்டை ஓட்டையில்லாத வாளி மண்ணில் நட்டு, பூக்கும்வரை பாத்திக்கு அனுப்பாமல் வைத்திருங்கள். வாளித் தண்ணீரைக் கானில் ஊற்றக் கூடாது.

களைதான் என்று தெரிந்தால் கத்தியால் வெட்டாதீர்கள், புல்வெட்டும் இயந்திரமும் வேண்டாம். ஒரு கணு உள்ள துண்டு போதும், அது ஓடையோடு போய்க் கீழேயுள்ள தோட்டத்தில் வேர்விடும். மண் கிளறும் தோட்ட முள்ளால் குத்தி மண்ணை இளக்கி, வேர் அறாமல் முழுதாக எடுங்கள். நீரில் இருந்தால் முதலில் கீழ்ப்பக்கம் வலை கட்டி, மேலிருந்து இழுத்து வாருங்கள். எடுத்ததைக் கூட்டெருக் குழியில் போடாமல் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, முழுதும் அழுகும்வரை வெயிலில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தைத் தோண்டிப் பாருங்கள், விடுபட்ட வேர்த்துண்டு திரும்பத் துளிர்க்கும். முள்ளிலும் சப்பாத்திலும் ஒட்டிய மண்ணை அடுத்த பாத்திக்குப் போகுமுன் அங்கேயே வழித்துவிடுங்கள்.