கடை ஒதுக்கும் உணவு, கையில் வரும் உதவி: மாதக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போவது எப்படி

உணவு உதவியை நம்பிக் குடும்பம் நடத்தும் வீட்டில் மாதக் கடைசியில் அரிசியோ மாவோ எப்படியாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இல்லாமல் போவது காய்கறி, பழம், பால், முட்டை, இறைச்சி. மளிகைக் கடையின் பின்வாசல் வழியாகக் குப்பைக்குப் போவதும் பெரும்பாலும் இவைதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் கடைகளின் பங்கு 12 சதவீதம், வீடுகளின் பங்கு 60 சதவீதம். கடை ஒதுக்கும் பொருளைக் குறைந்த விலையில் வாங்கிவந்து வீட்டில் அழுகவிட்டால், கடையின் குப்பையை நம் செலவில் சுமந்துவந்ததுதான் மிச்சம். அதனால் இங்கே கடையைப் பற்றிச் சொல்வதைவிட அடுக்களையைப் பற்றிச் சொல்வது அதிகமாக இருக்கும்.

மாதத்தை நான்கால் வகுக்காதீர்கள்

உதவி பணமாகவோ அட்டையிலோ வந்தால், பலர் அதை நான்கு வாரமாகப் பிரிக்கிறார்கள். நான்கு வாரம் 28 நாள்தான். மீதி இரண்டு, மூன்று நாள் ஒவ்வொரு மாதமும் வெறும் கையோடு நிற்க வேண்டியிருப்பது இந்தக் கணக்கால்தான்.

வரும் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த முதல் நாளே சுமார் 45 பங்குக்கு மாதம் முழுக்கக் கெடாத சரக்கு: அரிசி அல்லது மாவு, பருப்பு, உலர்ந்த பீன்ஸ், எண்ணெய், பால் பவுடர், உப்பு. மீதி 55-ஐ 30-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 12.8 வரும். 12.5 என்று வைத்துக்கொண்டால் நான்கு வாரத்துக்கு 50 போக 5 பங்கு கையில் நிற்கும். கடைசி இரண்டு நாளுக்கும், நடுவில் திடீரென்று கண்ணில் படும் பாதி விலைச் சரக்குக்கும் அந்த 5 பங்கு. தள்ளுபடியைப் பார்த்து வாரப் பணத்தில் கை வைத்தால் இந்த ஏற்பாடு மொத்தமும் குலைந்துவிடும்.

அளவு தெரியாமல் வாங்குவது இன்னொரு ஓட்டை. பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 100 கிராம் அரிசி. தினம் இரண்டு வேளை, வேளைக்கு 90 கிராம் என்றால் மாதத்துக்கு 5.4 கிலோ. பருப்பும் பீன்ஸும் சேர்த்து நாளுக்கு 60 கிராம், அதாவது 1.8 கிலோ. உலர்ந்த பீன்ஸ் வெந்ததும் எடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். டின்னில் வரும் வெந்த பீன்ஸின் விலையை இதோடு ஒப்பிட்டால் எதை எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது விளங்கும்: உலர்ந்தது அன்றாடத்துக்கு, டின் அவசரத்துக்கு.

உறையில் உள்ள தேதி யாருக்காக?

கடையில் விலை குறைவதும் பொருள் குப்பைக்குப் போவதும் பெரும்பாலும் தேதியால்தான். ஆனால் எல்லாத் தேதியும் ஒரே அர்த்தமல்ல.

'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசி, மொறுமொறுப்பு, மணம் பற்றிய தயாரிப்பாளரின் கணிப்பு. பிஸ்கட், பாஸ்தா, அரிசி, டின் உணவு எல்லாம் அந்தத் தேதிக்குப் பிறகும், உறை பிரியாமல் உலர்ந்த இடத்தில் இருந்தால், சாப்பிடத் தக்கவை. 'செல் பை' என்பது கடைக்காரர் சரக்கைச் சுழற்றுவதற்கான குறிப்பு. வாங்குபவருக்கு அதில் சேதி ஒன்றுமில்லை. 'யூஸ் பை' மட்டும் வேறு. பச்சை இறைச்சி, மீன், சமைத்து விற்கும் குளிர் உணவு ஆகியவற்றில் அது இருந்தால் பாதுகாப்புக்கான கெடு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் தரும் கிருமி இருந்தும் வாசனை மாறாமல் இருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் அந்தத் தேதி முடியும் நாளுக்குள் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கெடு அங்கேயே நின்றுவிடும். பிறகு வெளியே எடுத்து உறைநிலை கலைந்ததும் 24 மணி நேரத்துக்குள் சமைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான பால் பவுடரில் எந்தச் சலுகையும் இல்லை. தேதி தாண்டினால் ஊட்டச்சத்து அளவுக்கு உத்தரவாதம் போய்விடும். இலவசமாகக் கிடைத்தாலும் கொடுக்கக் கூடாது.

கடையில் எதைத் தேடுவது

கடைகள் ஒதுக்குவதில் கணிசமானது கெட்டுப்போனதே அல்ல. ஒரு டஜனில் ஒரு முட்டை உடைந்தால் முழு அட்டையும் ஓரம் போகும். வலைப்பையில் ஒரு ஆரஞ்சு அழுகினால் பை முழுக்கப் போகும். சாயங்காலம் வரை அலமாரி நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுட்ட ரொட்டி இரவில் மிஞ்சும். பெட்டி நசுங்கியதால் உள்ளே இருக்கும் தானியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

விலை குறைக்கும் ஸ்டிக்கர் ஒட்டும் நேரம் ஒவ்வொரு கடையிலும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் அலைய வேண்டாம். கூட்டமில்லாத வேளையில் அந்தப் பிரிவில் வேலை செய்பவரிடமே கேளுங்கள்: "இறைச்சிக்கு எப்போது விலை குறைப்பீர்கள்? ரொட்டிக்கு எப்போது?" கூச்சப்பட ஒன்றுமில்லை. சரக்கு குப்பைக்குப் போகாமல் விற்றால் அவர்களுக்கும் லாபம்தான். ஸ்டிக்கர் இல்லாத உடைந்த முட்டை அட்டையைக் காட்டி விலை குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். விரிசல் விட்ட முட்டையை மட்டும் அப்படியே பெட்டிக்குள் வைத்து எடுத்துவர வேண்டாம், அதன் வழியே கிருமி உள்ளே போயிருக்கக்கூடும்.

பாதி விலைக் கோழி இறைச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் பக்கத்தில் இருக்கும் அதே ரகப் பொட்டலங்களோடு ஒப்பிடுங்கள். மற்றவை தட்டையாக இருக்க, இது மட்டும் உப்பியிருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, வைத்துவிடுங்கள். ஓரத்து ஒட்டைக் கட்டைவிரலால் வருடிப் பாருங்கள், பிசுபிசுத்தால் கசிவு. கையில் தொட்டால் நல்ல சில்லிப்பு தெரிய வேண்டும். யாரோ எடுத்துவிட்டு வேறு அலமாரியில் போட்டுப்போன பொட்டலம் பல மணி நேரம் வெளியே கிடந்திருக்கலாம், அதன் தேதி நன்றாக இருந்தும் பயனில்லை. கடைசியாக, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள். கிலோ கணக்கில் பார்த்தால் சிறிய பொட்டலத்தின் பாதி விலை, பெரிய பொட்டலத்தின் முழு விலையைவிட அதிகமாக இருப்பதும் உண்டு.

குளிர்ந்த சரக்கைக் கடைசியாக எடுத்து நேராக வீட்டுக்கு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை. அந்த எல்லையில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் இதில் சேர்த்தி.

கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில், தேதி நெருங்கிய மென்மையான சீஸ், புகையூட்டிய மீன், வெட்டிப் பொதிந்த இறைச்சி ஆகியவற்றைத் தவிர்ப்பதே நல்லது. இவற்றில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது.

கடையின் குப்பைத் தொட்டியிலிருந்து எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் பதில். அது ஏன் அங்கே வந்தது என்று வெளியே தெரியாது. குளிரூட்டி பழுதானதால் ஒதுக்கியதோ, நிறுவனமே திரும்பப் பெறச் சொன்னதோ, பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். அதே சரக்கை நேர்வழியில் பெற, கடைகளில் மிஞ்சும் நல்ல உணவைச் சேகரித்து இல்லாதவர்களுக்குத் தரும் உணவு வங்கிகள் இருக்கின்றன. முதலாவதாகக் கருதப்படுவது 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியது. பிரான்ஸில் 2016 முதல், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் மிஞ்சும் உணவை அறக்கட்டளைகளுக்குத் தர ஒப்பந்தம் செய்தாக வேண்டும் என்பது சட்டம்.

பெட்டி வந்த அன்றே

உணவு வங்கிப் பெட்டியில் நாம் கேட்டது வராது, வந்ததுதான் வரும். அதைப் பிரிக்காமல் மூலையில் வைப்பதுதான் பெரிய நஷ்டம். வந்த ஒரு மணி நேரத்துக்குள் மேசையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்: இன்றும் நாளையும் போக வேண்டியது, இந்த வாரம் போக வேண்டியது, இருக்கட்டும் என்று வைக்கக்கூடியது. முதல் குவியலில் சாப்பிட முடிவதற்கு மேல் இருந்தால் அன்றே ஃப்ரீசருக்கு. வீட்டில் யாரும் தொடாத பொருளை, விதி அனுமதித்தால், பெட்டி தரும் இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவருக்கு அது உதவும்.

டின்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மேலோட்டமான நசுங்கல் பரவாயில்லை. விளிம்பில், அதாவது மூடியும் உடலும் சேரும் மடிப்பில் நசுங்கியிருந்தாலோ, உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, திறக்கும்போது பீய்ச்சியடித்தாலோ ருசி பார்க்கவும் கூடாது. பாட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி உணவு நச்சு நோயின் ஆபத்து அது.

அடுக்களையில் தவறுவது எங்கே

ஃப்ரிட்ஜின் குளிரை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இரவு முழுக்க வைத்தால், காலையில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18. பால் சீக்கிரம் திரிகிறது என்று பால்காரரைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்யலாம்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. அந்தக் குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகி, வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும். வாங்கிய அன்றே துண்டுபோட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டிய துண்டை மட்டும் எடுத்து அப்படியே சூடான கல்லில் போட்டால் போதும். பூஞ்சை பிடித்த ரொட்டியில் பச்சைப் புள்ளியைக் கிள்ளிவிட்டுச் சாப்பிடுவது தப்பு, வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கெட்டியான சீஸ் என்றால் புள்ளியைச் சுற்றியும் கீழேயும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம்.

வாடிய கீரையும் தொய்ந்த கேரட்டும் கெட்டவை அல்ல, தண்ணீர் இழந்தவை. அடியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். வழவழப்பும் நாற்றமும் வந்தால்தான் கதை முடிந்தது. ஆப்பிள், பழுத்த வாழை, தக்காளி இவை பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். உருளைக்கிழங்கை இருட்டில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வையுங்கள்.

சோறு மிஞ்சினால் பாத்திரத்தோடு இரவு முழுக்க அடுப்படியில் விடுவது பழக்கமாக இருக்கலாம். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். சோற்றை மறுநாளே முடித்துவிடுங்கள், மற்றச் சமைத்த உணவு மூன்று, நான்கு நாள் தாங்கும்.

பெட்டியில் அடிக்கடி வரும் சிவப்பு ராஜ்மாவை 5 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள நஞ்சு அழியாது, வாந்தியில்தான் முடியும்.

ஃப்ரீசரில் இடம் குறைவு என்றால் பைகளைத் தட்டையாக, இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி உறையவிட்டு, பிறகு புத்தகம்போல் நிறுத்தி அடுக்குங்கள். காய்கறியை இரண்டு, மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திய பிறகே உறையவையுங்கள், இல்லாவிட்டால் அதன் நொதிகள் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். பால், சூப் போன்றவை உறையும்போது விரியும், பாத்திரத்தில் மேலே இரண்டு, மூன்று விரற்கடை இடம் விடுங்கள். பையில் பெயரும் தேதியும் எழுதாமல் வைத்தால் இரண்டு மாதம் கழித்து அது என்னவென்று யாருக்கும் தெரியாது.

ஃப்ரீசரே இல்லை, ஒன்றுக்கு நான்காக முட்டைக்கோஸ் வந்துவிட்டது என்றால் உப்பில் புளிக்கவைக்கலாம். ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி 20 முதல் 25 கிராம் உப்பு போட்டுப் பிசைந்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் விடும். சுத்தமான கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்பி, அந்தத் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கும்படி மேலே சிறு பாரம் வையுங்கள். மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் இழையில்தான் பூஞ்சை பிடிக்கும். உப்பைக் கண்ணளவில் போட்டுக் குறைந்துவிட்டால் அழுகும், ஆகவே நிறுத்துப் போடுங்கள். முதல் வாரம் தினம் ஒரு தரம் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியே விடுங்கள். மிதமான வெப்பத்தில் இரண்டு வாரத்தில் புளிப்பு ஏறும், ருசி பிடித்ததும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிடலாம்.